பீரோவுக்குள் மழைக்காலம்

ஐப்பசி பிறந்து, வங்கக் கடலில் ஒன்றன்பின் ஒன்றாகக் காற்றழுத்தத் தாழ்வுகள் உருவாகி, சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரையிலுள்ள கரையோர ஊர்களில் சூரியன் முகம் காட்டாமலே நாலைந்து நாட்கள் சேர்ந்தாற்போல் கழிந்த பிறகு, தீபாவளிக்கோ கார்த்திகைத் திருநாளுக்கோ உடுத்திக்கொள்ளலாமென்று பட்டுப் புடவையை எடுக்கப் போகிறவர்களை, கதவைத் திறந்த மாத்திரத்தில் குப்பென்று எதிர்கொள்கிற அந்த மக்கல் வாடையை அறியாத வீடு நம் பக்கத்தில் அபூர்வம். சில வீடுகளில் வாடையோடு விஷயம் முடிந்துவிடும். சில வீடுகளிலோ, புடவை மடிப்பின் ஓரத்தில் சாம்பல் நிறத் தூளாகவும், இடுப்பு வாரிலும் செருப்புத் தோலிலும் வெண்பச்சைப் படலமாகவும், பலகையின் பின்புறத்தில் கறுப்புப் புள்ளிகளாகவும் பூசணம் தன் சொரூபத்தையே காட்டிவிடும். சென்னையில் ஆண்டு முழுவதும் பெய்கிற சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறபடியால், நம்முடைய துணிமணிகளுக்குக் கண்டமான காலமும் அந்த மூன்று மாதங்கள்தாம்.

இதற்கு நாம் வழக்கமாகச் செய்கிற பரிகாரம் எல்லோருக்கும் தெரிந்ததே. கடையிலிருந்து அந்துருண்டை வாங்கி மூலைக்கு இரண்டாகப் போடுகிறோம். மல்லிகை வாசனைப் பொட்டலம் தொங்கவிடுகிறோம். வெள்ளிக்கிழமை சாம்பிராணிக் கரண்டியை வீடெங்கும் கொண்டுபோகும்போது பீரோக் கதவையும் திறந்து ஒரு சுற்றுக் காட்டுகிறோம். இரண்டு நாட்களுக்கு மல்லிகையும் மக்கலும் கலந்த மூன்றாவது வாடை ஒன்று உலவுகிறது. பிறகு மல்லிகை போய்விடுகிறது, மக்கல் இருந்துகொண்டே இருக்கிறது. இவையெல்லாம் மூக்குக்குச் செய்கிற உபசாரமேயொழிய பீரோவுக்குச் செய்கிற சிகிச்சை ஆகமாட்டா என்பது என் திடமான அபிப்பிராயம். வாடை வருகிறதென்றால் எங்கேயோ தண்ணீர் இருக்கிறது. அது எந்த வழியாக வந்து சேர்ந்தது என்று கண்டுபிடிக்காத வரையில், அதன் மேல் எத்தனை ரூபாய் செலவழித்தாலும் அடுத்த ஐப்பசியில் கணக்கை மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

வாடை எப்படி உண்டாகிறது என்பதை முதலில் பார்ப்போம். பூஞ்சை, தான் பற்றிக்கொண்ட பொருளைச் செரித்து வளரும்போது, எளிதில் ஆவியாகக்கூடிய பலவிதமான இரசாயனப் பொருள்களைக் காற்றில் வெளியிடுகிறது. அவற்றுள் ஒன்றான ஆக்டினால் என்பது, சமையலுக்கு வாங்கும் காளானை முகர்ந்தால் தெரிகிற அதே வாசனை. கொசுக்களைக் கவர்ந்து பிடிக்கிற பொறிகளில் இதை இரையாக வைப்பதும் உண்டு. இன்னொன்று ஜியாஸ்மின். கோடை வெடிப்பில் முதல் மழை விழுந்ததும் கிளம்புகிற மண்வாசனைக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். நிலத்திலுள்ள ஒருவகை நுண்ணுயிர்கள் இதைத் தயாரிக்கின்றன, சில பூஞ்சைகளும் தயாரிக்கின்றன. நீரில் லட்சம் கோடியில் ஐந்து முதல் பத்துப் பங்கு கலந்திருந்தாலே இதை மனித நாசி கண்டுகொண்டுவிடும் என்கிறார்கள். உத்தரப் பிரதேசத்துக் கன்னோசியில், சுட்ட களிமண்ணைக் கொதிக்கவைத்து வடித்து, அந்த மண்வாசனையைச் சந்தனத் தைலத்தில் பிடித்து 'மிட்டி அத்தர்' என்று விற்கிறார்கள். பணக்காரர்கள் அதை ஆசையோடு வாங்கிப் பூசிக்கொள்கிறார்கள். அதே வாசனை வேட்டி மடிப்பிலிருந்து வந்தால் நமக்கு முகம் சுளிக்கிறது. இடம் பார்த்துத்தான் மணமும் நாற்றமும் என்று சொல்லத் தோன்றினாலும், அலமாரிக்குள் இந்த வாசனை வருவது துணி தின்னப்பட்டுக்கொண்டிருக்கிறது என்பதற்கு அறிகுறியாகையால், இங்கே மூக்கின் தீர்ப்பே சரியான தீர்ப்பு.

பூஞ்சையின் வித்துக்கள் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாய் எங்கும் மிதந்துகொண்டிருக்கின்றன. சுத்தமாகப் பெருக்கித் துடைத்த வீட்டிலும் உண்டு, ஆஸ்பத்திரியிலும் உண்டு. 1928ஆம் ஆண்டு லண்டன் மாநகரத்து ஸெயின்ட் மேரீஸ் ஆஸ்பத்திரியில் அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் வைத்திருந்த கிருமித் தட்டில் அழையாத விருந்தாளியாக வந்து விழுந்து, பிற்காலத்தில் கோடிக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றிய பெனிசிலின் மருந்துக்கு மூலமாக அமைந்ததும் இப்படி மிதந்து வந்த ஒரு வித்துத்தான். அதன் பங்காளிகள்தாம் நம் வீட்டுப் பீரோவிலும் குடியேறுகின்றன. வித்து, ஆகாரம், வெதுவெதுப்பு, ஈரம் என்ற நான்கும் சேர்ந்தால் பூசணம் பூக்கும். வித்தை விலக்க முடியாது. ஆகாரம், பருத்தியும் பட்டும் மரமும் காகிதமும் தோலும், போதாக்குறைக்கு நாம் மொடமொடப்புக்காகப் போட்ட கஞ்சியும். அவற்றையும் விலக்க முடியாது, ஏனென்றால் பீரோவே அவற்றுக்காகத்தான். வெதுவெதுப்பை நம் தேசத்தில் யார் தடுப்பது? மிஞ்சுகிறது ஈரம் ஒன்றே. நம் கைக்கு அடங்குவதும் அது ஒன்றே.

ஈரம் என்றால் சொட்டச் சொட்ட நனைந்திருக்க வேண்டுமென்பதில்லை. குறிப்பிட்ட வெப்பநிலையில் காற்று இவ்வளவு நீராவியைத்தான் தாங்கும் என்று ஓர் எல்லை உண்டு. முப்பது டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீரைத் தாங்கும். இருபது டிகிரியில் சுமார் 17 கிராம்தான். தாங்கக்கூடியதில் நூற்றுக்கு எத்தனை பங்கு உண்மையில் இருக்கிறது என்பதையே ஈரப்பதம் என்று வானிலை அறிக்கையில் வாசிக்கிறார்கள். ஒரு பொருளின் மேற்பரப்பை ஒட்டிய காற்றில் அது எழுபது, எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டால் வறட்சியைப் பொறுத்துக்கொள்கிற சில பூஞ்சைகள் முளைக்கத் தொடங்கும். எண்பதைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் ஏறத்தாழ எல்லாமே முளைக்கும். நன்றாக நனைந்த துணியிலோ அட்டையிலோ என்றால் ஓரிரு நாட்களே போதும். அறுபதுக்குக் கீழே வைத்திருந்தால் கவலையில்லை.

இதை அளப்பதற்குச் சில நூறு ரூபாய்க்கு மின்னணு மானிகள் கிடைக்கின்றன. ஒன்றை வாங்கி அலமாரிக்குள் வைப்பது உத்தமம். ஆனால் மானி வாங்காதவர்கள் வீட்டிலும் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அது அடுக்களையிலுள்ள உப்பு ஜாடி. தூய உப்புக்கு ஒரு விசேஷ குணம் உண்டு: காற்றின் ஈரப்பதம் எழுபத்தைந்து வரும் வரையில் அது உலர்ந்தே கிடக்கும், அதைத் தாண்டியதும் காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். நம்முடைய கல்லுப்பில் மக்னீசியம் கலந்திருப்பதால் சற்று முன்கூட்டியே வேர்க்கும். ஜாடியைத் திறந்து, மேற்பக்கத்துக் கற்கள் பளபளவென்று நனைந்து, விரலில் ஒட்டிக்கொண்டு, அடியில் தண்ணீர் கட்டியிருந்தால், அதே சமயத்தில் அடுத்த அறையிலுள்ள பீரோவும் பூஞ்சை முளைக்கிற எல்லையை நெருங்கிவிட்டது அல்லது தாண்டிவிட்டது என்று தாராளமாக முடிவு கட்டலாம். வறுத்த அப்பளம் தட்டில் வைத்த சிறிது நேரத்தில் நமத்துப் போகிற நாளும் அந்த நாளே. உப்பு வேர்க்கிற நாளில் பீரோவைத் திறந்து காற்றாட விடுவது நன்மையைவிடத் தீமையே செய்யும் என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். வெளிக்காற்று உள்ளேயிருப்பதைக் காட்டிலும் ஈரமாக இருக்கும்போது கதவைத் திறந்துவைப்பது, ஈரத்தை அழைத்து உட்காரவைப்பதாகவே முடியும்.

துணியைப் பற்றி ஒரு விஷயம் பலருக்கும் தெரிவதில்லை. கைக்கு முற்றிலும் உலர்ந்ததாகத் தோன்றுகிற துணியிலும் நீர் இருக்கிறது. ஈரப்பதம் 65 என்ற நிலையில், நூறு பங்கு உலர்ந்த பருத்தி சுமார் எட்டுப் பங்கு நீரை உள்ளடக்கிக்கொண்டிருக்கும். பட்டு பதினொரு பங்கு. கம்பளி பதினாறு பங்கு. பாலியெஸ்டரோ அரைப் பங்கைக்கூடத் தொடுவதில்லை. கல்யாணத்துக்கும் சீமந்தத்துக்கும் வாங்கிச் சேர்த்த காஞ்சிபுரம் பட்டு பத்து ஒரு தட்டில் அடுக்கியிருந்தால், அவற்றின் எடை ஆறு கிலோ என்று வைத்துக்கொண்டாலும், அந்த அடுக்கு தன்னுள் அரை லிட்டருக்கு மேல் தண்ணீரை வைத்துக்கொண்டு சாதுவாக உட்கார்ந்திருக்கிறது. வெளியில் ஈரப்பதம் ஏற ஏற அது இன்னும் குடிக்கும். அந்தப் புடவைகளைத் துணிக்கடைப் பிளாஸ்டிக் பைக்குள் இறுகக் கட்டி வைத்தால் நீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே புழுங்கும். பழைய வெள்ளை வேஷ்டித் துண்டில் சுற்றி வைக்கிற நம் பாட்டிமார்களின் வழக்கம், துணி மூச்சு விடவும், ஈரத்தின் ஏற்ற இறக்கத்தை மேல் சுற்றே முதலில் தாங்கிக்கொள்ளவும் இடம் கொடுத்தது. ஒருநாள் உடுத்தி வேர்வை பட்ட சட்டையை 'இன்னொரு தடவை போடலாம்' என்று திரும்ப உள்ளே மாட்டுவதும், நீராவி இஸ்திரி போட்ட துணியைச் சூடு ஆறுவதற்கு முன்பே அடுக்கிவிடுவதும் பீரோவுக்குள் நாமே கைப்படத் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமானம்.

குளிர்சாதனம் வந்த பிறகு புதிய உபத்திரவம் ஒன்றும் கூடவே வந்திருக்கிறது. இரவு முழுவதும் ஏ.ஸி.யை 24 டிகிரியில் வைத்துத் தூங்குகிறோம். சுவரும் பலகையும் துணியும் அந்தக் குளிர்ச்சிக்கு வந்துவிடுகின்றன. காலையில் எழுந்ததும் ஏ.ஸி.யை நிறுத்தி, ஜன்னலையும் திறந்து, குளித்துவிட்டு வந்து அலமாரிக் கதவையும் திறக்கிறோம். மழைக்காலத்து வெளிக்காற்று 29 டிகிரியாகவும் ஈரப்பதம் 85 ஆகவும் இருந்தால், அதில் ஒரு கன மீட்டருக்கு 24 கிராமுக்கு மேல் நீர் இருக்கிறது. 24 டிகிரியில் காற்று தாங்கக்கூடியது 22 கிராம்கூட இல்லை. மிச்சம் எங்கே போகும்? குளிர்ந்த புடவையின் மேலும், சுவரை ஒட்டிய பலகையின் மேலும் பனியாகப் படியும். கண்ணுக்குத் தெரியாது, துணி அதை உடனே உறிஞ்சிக்கொண்டுவிடும். எனவே மழை நாட்களில் ஏ.ஸி.யை நிறுத்தினாலும் அலமாரியை மூடியே வைத்திருந்து, அறை வெளியிலுள்ள சூட்டுக்கு வந்த பிறகு திறப்பது நல்லது. வேண்டிய உடைகளை ஏ.ஸி. ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்து வைத்துக்கொண்டால் விஷயம் இன்னும் சுலபம்.

இதுவரை சொன்னது காற்றுவழி வருகிற ஈரம். இரண்டாவது வகை சுவர்வழி வருவது, பொல்லாதது. மொட்டை மாடித் தளத்தில் தட்டோட்டின் சந்து விட்டு மழைநீர் இறங்கியிருக்கும். அல்லது அலமாரிக்குப் பின்புறச் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை இருந்து, சுவருக்குள் புதைத்த குழாய் கசிந்துகொண்டிருக்கும். தரைத்தள வீடானால் அஸ்திவாரத்திலிருந்து ஓதம் ஏறியிருக்கும். அனுபவம் முதிர்ந்த கொத்தனார் ஒருவர், அலமாரிக்குள் புதுப் பெயிண்ட் அடித்துத் தரும்படி கேட்ட வீட்டுக்காரரிடம், "பெயிண்டு அடிக்கிறது பெரிசில்லீங்க ஐயா, மொதல்ல பின்னால குளிக்கிற ரூமுல தண்ணி எங்க போவுதுன்னு பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டுச் சாந்துச் சட்டியைக்கூட இறக்காமல் அந்தப் பக்கம் போனதை நான் பார்த்திருக்கிறேன். எந்த மருத்துவனும் இதைக் காட்டிலும் சரியாக நோயின் மூலத்தை நாடியிருக்க முடியாது.

எந்த வழியாக ஈரம் வருகிறதென்று நாமே பரீட்சை செய்து பார்க்கவும் ஓர் உபாயம் இருக்கிறது. அலமாரியைக் காலி செய்து, பின்சுவரைத் துடைத்து உலர்த்தி, ஒரு சதுர அடி அளவுள்ள கனத்த பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் இடைவெளியில்லாமல் பசைநாடாவால் ஒட்டி, ஓரிரு நாட்கள் விட்டுப் பார்க்க வேண்டும். தாளின் அறைப் பக்கத்தில் நீர் அரும்பியிருந்தால் அது காற்றிலிருந்து படிந்தது. தாளுக்கும் சுவருக்கும் இடையில் அரும்பியிருந்தால் சுவரே ஈரத்தை வெளியேற்றுகிறது. சுவரில் வெள்ளையாகப் பூத்திருப்பதெல்லாம் பூசணமென்று பயப்படவும் வேண்டாம். செங்கல்லிலும் சாந்திலும் இருக்கிற உப்பு, நீரோடு வெளியே வந்து உலர்ந்து பூத்திருக்கலாம். தண்ணீரைத் தொட்டு வைத்தால் உப்பு கரைந்து மறையும், பூசணம் கரையாது. உப்புப் பூத்தாலும் கசிவு உண்டு என்பது மட்டும் நிச்சயம். 2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்ற சென்னை வீடுகளில், தரையெல்லாம் கழுவி உலர்ந்து பல நாட்களான பிறகும் சுவர்கள் நீரைப் பிடித்துக்கொண்டு நின்றன. அவசரப்பட்டு உடனே மரச்சாமான்களைச் சுவரோடு சாத்தி வைத்தவர்கள் பின்பலகை முழுவதும் கறுத்துப்போனதைப் பார்த்தார்கள்.

பழைய வீடுகளில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லையே என்று வயதானவர்கள் சொல்வது வெறும் பழம்பெருமை அன்று. முற்றம் வைத்த வீட்டில் காற்று ஓடிக்கொண்டே இருந்தது. மேலே தூக்குக் கொடியில் துணி உலர்ந்தது. நல்ல வஸ்திரங்கள் கால் வைத்த மரப்பெட்டியிலோ தகரப்பெட்டியிலோ, சுவரைத் தொடாமல், தரையையும் தொடாமல் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாகச் சுவரில் சுண்ணாம்பு இருந்தது. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு மிகக் கடுமையான காரத்தன்மை உடையது. அதன் மேல் பூஞ்சை வேரூன்ற முடியாது. ஆனால் காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறுகச் சிறுக உட்கொண்டு அது சுண்ணாம்புக்கல்லாகவே மாறிவிடுகிறபடியால், நாளடைவில் காரம் குறைந்துபோகிறது. ஆகவே ஆண்டுக்கொரு முறை புதிதாகப் பூச வேண்டியிருக்கிறது. அதற்கு நம்மவர்கள் ஏற்படுத்திக்கொண்ட காலத்தைப் பாருங்கள்: வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, சுவர் ஈரமெல்லாம் காய்ந்து, வெயில் உறைக்கத் தொடங்குகிற மார்கழிக் கடைசியில், போகியை முன்னிட்டு வீட்டைக் காலி செய்து, பழையன கழித்து, பெட்டிகளையெல்லாம் வெளியே வைத்து, நீலம் கலந்து வெள்ளையடித்தார்கள். பூஞ்சை சாஸ்திரம் படித்து யாரும் இந்த நாளைக் குறித்ததாகத் தெரியவில்லை. ஆனால் படித்தவர்கள் குறித்திருந்தாலும் இதைவிடப் பொருத்தமான நாளைக் குறித்திருக்க மாட்டார்கள்.

இப்போது அடுக்குமாடி வீடுகளில் நாம் செய்துகொள்வது என்ன? தரையிலிருந்து உத்தரம் வரையில், சுவரோடு சுவராக, விரல் நுழைய இடமில்லாமல் பிளைவுட் அலமாரி அடிக்கிறோம். உள்ளும் புறமும் மைக்கா ஒட்டி மூச்சை அடைக்கிறோம். பார்வைக்கு எடுப்பாயிருக்கிறதென்று, பெரும்பாலும் குளியலறைச் சுவரையே அதற்குத் தேர்ந்தெடுக்கிறோம். இரும்புப் பீரோ இந்த விஷயத்தில் எவ்வளவோ தேவலை. இரும்பு பூஞ்சைக்கு உணவாவதில்லை, நகர்த்தலாம், பின்னால் காற்று போகும். ஆயினும் குளிர்ந்த இரவில் உலோகத்தின் மேல் நீர் படிவது சுலபமாகையால், அடித்தட்டில் துணியை நேரடியாக வைக்காமல் ஒரு பருத்தி விரிப்பைப் போட்டு வைப்பது நல்லது.

பூசணம் பூத்தேவிட்டால் என்ன செய்வது? வெயிலுள்ள ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, மூக்கையும் வாயையும் நன்றாக மூடுகிற என்95 முகக்கவசமும் கையுறையும் அணிந்துகொண்டு, துணிகளை அப்படியே அள்ளி வெளியே கொண்டுபோக வேண்டும். உள்ளேயே உதறவும் கூடாது, உலர்ந்த துடைப்பத்தால் தட்டவும் கூடாது. தட்டினால் லட்சக்கணக்கான வித்துக்கள் அறை முழுவதும் பரவி, நாம் பார்க்காத இடங்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். காலியான அலமாரியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, தேய்த்து, மறுபடி நல்ல தண்ணீரில் துடைத்து, மின்விசிறியைத் திருப்பிவைத்து ஒரு நாள் முழுவதும் உலரவிட வேண்டும். இரும்புக்கும் ஓட்டுக்கும் பளபளப்பான பரப்புகளுக்கும் இதுவே போதும். மரத்துக்கும் தோலுக்கும் கைகழுவப் பயன்படும் ஆல்கஹால் திரவத்தைத் துணியில் தொட்டுத் துடைக்கலாம், அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில். பிளீச்சிங் திரவத்தின் மேல் நம் ஜனங்களுக்கு அபாரமான நம்பிக்கை. ஆனால் அது துளையுள்ள மரத்துக்குள் ஆழமாக இறங்குவதில்லை, மேலே நிறத்தை வெளுத்துவிட்டுப் போய்விடுகிறது. உள்ளே வேர் பிழைத்திருக்கும். அதை வினிகரோடோ அம்மோனியா கலந்த திரவங்களோடோ சேர்த்துவிட்டால் கிளம்புகிற வாயு நுரையீரலுக்கு விஷம். பூஞ்சையைக் கொன்றால் மட்டும் போதாது, துடைத்து அப்புறப்படுத்தவும் வேண்டும். செத்த பூஞ்சையும் ஒவ்வாமையை உண்டாக்கும். மேலே பெயிண்ட் அடித்து மறைத்தால் சில மாதங்களில் பெயிண்டோடு சேர்ந்து உரியும். பூசணம் மூன்றடிக்கு மூன்றடி அளவுக்குள் இருந்தால் பெரும்பாலும் நாமே சுத்தம் செய்துகொள்ளலாமென்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை யோசனை சொல்கிறது, நியாயமான அளவுதான்; அதைத் தாண்டிப் பரவியிருந்தால் தக்கவர்களிடம் ஒப்படைப்பதே நலம்.

பருத்தித் துணிகளை வெந்நீரில் சோப்புப் போட்டுத் துவைத்து நல்ல வெயிலில் உலர்த்தினால் வாடையும் போய்விடும். நாட்பட்ட கறுப்புப் புள்ளிகள் மட்டும் நூலிலேயே சாயமாக ஏறியிருப்பதால் முழுதும் மறையாது. பட்டின் கதை வேறு. வெயில் சாயத்தை வெளுக்கும்; பிளீச்சிங் திரவமோ பட்டு இழையையே தின்றுவிடும், ஆகையால் அதைப் பட்டின் அருகிலேயே கொண்டுபோகக் கூடாது. நிழலில் காற்றாட விரித்து, உலர்ந்த பிறகு மெல்லிய துணியால் வெளியில் வைத்துத் துடைத்து, கறை பலமாயிருந்தால் பட்டு வெளுக்கத் தெரிந்தவரிடம் கொடுப்பது தவிர வேறு வழியில்லை. மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து, பழைய மடிப்பை மாற்றி மடித்து வைத்தால் ஜரிகை மடிப்பில் ஒடிவதும் குறையும், பூசணத்தின் முதல் புள்ளியும் கண்ணில் படும். கஞ்சி போட்ட நூல் புடவைகளை மழைக்காலத்துக்கு முன்பே கஞ்சி போக அலசி வைப்பது புத்திசாலித்தனம்.

அந்துருண்டையைப் பற்றி ஒரு வார்த்தை. அது அந்துப்பூச்சிக்கும் இராமபாணத்துக்கும் எதிரி. பூஞ்சைக்கு நாம் போடுகிற அளவில் அது பெரிய எதிரியல்ல. அதிலுள்ள நாப்தலின் ஆவியாகித் துணியில் ஊறுகிறது; பிறவியிலேயே ஜி6பிடி என்னும் நொதி குறைந்த பச்சிளங்குழந்தைக்கு அந்தத் துணியைப் போர்த்தினால் இரத்த அணுக்கள் சிதைந்து கடுமையான மஞ்சட்காமாலை உண்டாகலாம். பாட்டி வீட்டுப் பழைய பீரோவிலிருந்து எடுத்த துணியில் குழந்தையைச் சுற்றுவது சம்பிரதாயமாக உள்ள குடும்பங்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். வேப்பிலையும் வசம்பும் அதைவிடச் சாது. தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில், ஓலைச்சுவடிகளுக்கிடையே வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை, கற்பூரம் முதலியவற்றைப் பொடித்துச் சிறு மூட்டைகளாகக் கட்டி வைக்கிற முறை உண்டு. ஆனால் அந்தச் சுவடிகள் பலகைக்கிடையில் கட்டி, காற்றோட்டமுள்ள இடத்தில், அடிக்கடி எடுத்துத் துடைக்கப்பட்டு வருகின்றன என்பதை மறந்து, மூட்டையின் மேல் மட்டும் நம்பிக்கை வைத்துப் பயனில்லை.

ஈரத்தை உறிஞ்சுகிற பொருள்களுக்கும் இதே எல்லை உண்டு. மாத்திரைப் புட்டியிலும் செருப்புப் பெட்டியிலும் வருகிற சிலிகா மணிகள், தம் எடையில் மூன்றிலொரு பங்கு வரை நீரை ஏற்கும். அதற்குப் பிறகு சுமார் 120 டிகிரிச் சூட்டில் உலர்த்தினாலொழிய அவை வெறும் மணிகளே. கடையில் டப்பாவில் விற்கிற கால்சியம் குளோரைடு இதைக் காட்டிலும் அதிகமாகக் குடித்து, கீழே நீராகச் சேர்த்துக் காட்டும். அந்த நீர் கவிழ்ந்தால் பட்டும் தோலும் பாழ். மூடிய, கசிவில்லாத சிறிய பீரோவில் இவை பயன்படும். பின்சுவர் கசிகிற அலமாரியில் ஐம்பது கிராம் மணியை வைத்து, பத்துப் புடவைக்குள் இருக்கிற அரை லிட்டருக்குக் காவல் போடுவது நடவாத காரியம். கரியைத் துணியில் கட்டி வைத்தால் வாடையை ஓரளவு பிடித்துக்கொள்ளும்.

புகைப்படக்காரர்கள் மழைக்காலத்தில் காமிராப் பெட்டிக்குள் சிறிய மின்விளக்கை எரியவிட்ட பழைய தந்திரம் இவை எல்லாவற்றையும்விட அறிவுள்ளது. 25 டிகிரியில் ஈரப்பதம் 90 ஆக உள்ள காற்றை 30 டிகிரிக்குச் சூடேற்றினால், ஒரு சொட்டு நீரையும் அகற்றாமலே ஈரப்பதம் 70க்குக் கீழே இறங்கிவிடும். ஆனால் துணிக்கு நடுவே எரிகிற விளக்கைப் பற்றி மின்சார வேலைக்காரர் யாரும் நல்ல வார்த்தை சொல்ல மாட்டார். அந்த யோசனையை அலமாரிக்கென்றே செய்த சிறிய வெப்பத் தண்டுகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி நூலில், ஈரமும் பூஞ்சையும் மண்டிய வீடுகளில் வசிப்பவர்களுக்கு இருமல், இழுப்பு, ஆஸ்துமா முதலிய சுவாச உபாதைகள் அதிகம் என்று சொல்லியிருக்கிறது. படுக்கை அறையில் தலைமாட்டிலேயே அலமாரி இருக்கிற வீட்டில், குழந்தை இரவில் மட்டும் இருமுகிறதென்றால், மருந்துக் கடைக்குப் போகிற வழியில் அலமாரியின் பின்பலகையையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம்.

புதிதாக அலமாரி செய்யக் கொடுக்கிறவர்கள் ஆசாரியிடம் சில விஷயங்களை முதலிலேயே கண்டித்துச் சொல்லிவிட வேண்டும். குளியலறைச் சுவரும், மழைச்சாரல் அடிக்கிற வெளிச்சுவரும் வேண்டாம். பின்பலகைக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியில் காற்று ஏறி இறங்கும்படி அடியிலும் மேலும் திறப்பு வேண்டும். தரையிலிருந்து நாலங்குலம் உயர்த்தி நிறுத்த வேண்டும். கதவில் சாய்பலகையோ, குறைந்தபட்சம் நாலைந்து துளைகளோ இருக்கட்டும். பல்லி வராமலிருக்க உட்புறம் வலை அடித்துக்கொள்ளலாம். துணியை முக்கால் அளவுக்கு மேல் அடைக்கக் கூடாது. மரத்தூளை அழுத்திச் செய்த மலிவுப் பலகை ஒருமுறை தண்ணீர் குடித்து உப்பிவிட்டால், அதைத் துடைத்தும் பூசியும் மீட்க முடியாது; பின்பலகையைத் தனியாகக் கழற்றி மாற்றும்படி ஆணி அடிக்காமல் திருகாணி போடச் சொன்னால், அலமாரி முழுவதையும் உடைக்காமல் அந்த ஒரு பலகையோடு செலவு முடியும்.